ஆறாவது கப்

அக்கா இறந்த எட்டாம் நாள் காலையில், நம் குரூப்பில் மூன்றாம் வீட்டுக்காரி ஒரே ஒரு வரி போட்டிருந்தாள். "அக்கா போனத எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

அதற்குக் கீழே நீங்கள் நான்கு பேரும் ஆளுக்கொரு கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டீர்கள். அறுபது வயதுக் கிழவிகளுக்கு அந்தப் படம் இல்லாவிட்டால் பாதிப் பேச்சு கிடையாது. உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். உங்கள் நால்வருக்கும் அன்றைக்கே தனித்தனியாகப் போனில் கோல் எடுத்துச் சொன்னேன். குரூப்பில் போட்டால் அவளும் பார்த்துவிடுவாள் என்றுதான் அப்படிச் செய்தேன். பதற்றத்தில் விட்டுப்போச்சு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். இந்த விஷயத்தில் நான் ஏற்கெனவே சொன்ன பொய்களே போதும்.

குரல் பதிவாகப் போடப் பார்த்தேன். நாலு தரம் பேசி, நாலு தரமும் அழித்தேன். அதனால் எழுதுகிறேன். முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் கட்டுரைகளைச் சிவப்பு மையால் திருத்தியவள் நான். இதை நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளும் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து வாசிக்கக்கூடும். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே சொல்கிறேன்.

குரூப்புக்கு 'நம்ம செட்' என்று பேர் வைத்தது நம் கொழும்புக்காரி. இங்கிலீஷ் அகராதியில் 'செட்' என்ற சொல்லுக்கு மட்டும் பக்கம் பக்கமாகப் பொருள் ஓடும் என்று என் மகன் சொல்கிறான். நமக்கு அகராதி எதற்கு? லயத்து வீடுகளிலேயே எல்லாம் கிடந்தது. சேர்ந்து கொழுந்து எடுக்கிறவர்கள் ஒரு செட். பெரிய கிளாக்கர் வீட்டில் பாடியது ரேடியோ செட். கல்யாண ஊர்வலத்துக்குப் பதுளையிலிருந்து வந்தது பேண்ட் செட். தோடும் அட்டியலும் ஒரே கல்லில் இருந்தால் நகை செட். லொறி மெக்கானிக் எஞ்சினுக்குள் விட்ட தலையை வெளியே எடுத்து "செட் பண்ணிட்டேன்" என்பார், லொறி அடுத்த வளைவில் நிற்கும். ஒத்துவராத ஆளைப் பற்றி "செட்டாகாது" என்றால் போதும், அதற்கு மேல் விளக்கம் கேட்க மாட்டார்கள். இப்போது நம்மில் மூன்று பேருக்குப் பல்லும் செட்தான். யார் யார் என்று சொல்லமாட்டேன்.

இத்தனை செட்டில் என் நெஞ்சில் ஐம்பது வருடமாகக் கிடந்து அறுப்பது ஒன்றுதான். அப்பு வீட்டு கப் செட்.

பூனாகலைப் பக்கத்து மலையில் நம் லயம். ஒரே கூரைக்கு அடியில் பத்துக் காம்பரா, பத்துக் குடும்பம், எல்லாருக்கும் முன்னால் ஒரே நீளத் திண்ணையாக இஸ்தோப்பு, அதைத் தாண்டினால் தண்ணீர் ஓடும் கான், கானைத் தாண்டினால் தேயிலை. கோடிக் காம்பராவில் அப்பு குடும்பம் இருந்தது. துரை பங்களாவில் சமைக்கிறவரைத்தான் அப்பு என்பார்கள். வெள்ளைக்காரத் துரை ஊரைவிட்டுப் போனபோது, துரைசாணி அப்புவின் மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போனது அந்த செட். ஆறு கப், ஆறு சாசர். வெள்ளை உடம்பு, விளிம்பில் நூல் கனத்தில் நீலக் கோடு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் நிழலாகத் தெரியும். அப்பு வீட்டு அத்தை அதைப் பழைய சேலைத் துணியில் சுற்றி ஒரு தேயிலைப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அவர்கள் வீட்டில் யாரும் அதில் குடித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் லயத்தில் எந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும் அந்த செட் அங்கே போகும். அதற்கு ஒரு முறை இருந்தது, நினைவிருக்கிறதா? முதல் நாள் சாயங்காலம் ஆறு சின்னப் பெண்கள் கை கால் கழுவிக்கொண்டு அத்தை வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு கப், ஒரு சாசர். மொத்தத்தையும் ஒருத்தி தூக்கி விழுந்தால் மொத்தமும் போகும், ஆளுக்கொன்றாகப் போனால் நட்டம் ஒன்றோடு நிற்கும் என்பது அத்தையின் யோசனை. "கால பாக்காதீங்கடி, கப்ப பாருங்க" என்பார். இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் காலை மடக்கி வழி விடுவார்கள். நாம் எந்த வாசலில் போய் நிற்கிறோம் என்று பார்த்துத்தான் லயமே செய்தி தெரிந்துகொள்ளும். அந்த ஆறு பேர்தான் நாம். நம்மை முதன்முதலில் ஒரு செட்டாக நிறுத்தியது பள்ளிக்கூடம் இல்லை, அந்தக் கப்தான்.

அந்த வருடம் என் அக்காவுக்குப் பத்தொன்பது வயது. உங்களுக்கு அவளைத் தெரியும். நம் ஆறு பேருக்கும் பேன் பார்த்தவள். சனிக்கிழமை பீலித் தண்ணீருக்கு அடியில் நம்மை வரிசையாக நிறுத்தி, அழ அழ முதுகு தேய்த்தவள். யாருடைய பிள்ளை என்று பார்த்துத் தேய்த்தவள் இல்லை.

மாரியம்மன் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் செட் போட வந்தாரே, பக்கத்துத் தோட்டத்து ஃபேக்டரியில் எஞ்சின் பார்க்கிறவர், அவரை நினைவிருக்கும். சவுக்கு மரத்தில் ஏறிக் குழாயைக் கட்டிவிட்டு இறங்கி, எங்கள் வீட்டு இஸ்தோப்பில் வந்து தண்ணீர் கேட்டார். அக்கா கொடுத்தாள். அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்குச் சாயங்காலம் கோயிலிலிருந்து அவர் குரல் மலையெல்லாம் கேட்டது. "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒண்ணு, ரெண்டு, மூணு." அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்த அக்கா மெதுவாக, "நாலு" என்றாள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் மாவுக் கையாலேயே என் மூக்கைப் பிடித்துத் திருகினாள். திருவிழா முடியும்வரை அவர் மூன்றோடு நிறுத்துவார், இவள் வீட்டிலிருந்து நாலு சொல்லுவாள்.

இரண்டு மாதத்தில் அவர் வீட்டிலிருந்து தரகர் வந்தார். பண்டாரவளைக்குக் காய்கறி ஏற்றும் லொறியில் வேலை செய்தவர். "பையனே கேட்டு அனுப்பியிருக்கான். ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு வாராங்க. அவங்க அஞ்சு பேரு, என்னோட ஆறு." அம்மா உள்ளே போய் அழுதுவிட்டு வந்தாள். சந்தோஷத்தில்தான். அக்கா அந்த வாரம் முழுவதும் கூடையை இறக்கி வைக்கும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் நாம் கப் தூக்கினோம். மூடுபனி இறங்கிவிட்டது. நாம் ஐந்து பேர் வந்துவிட்டோம். மூன்றாம் வீட்டுக்காரியின் தம்பி தூளியில் கத்தியதால் அவள் கப்போடு தன் வீட்டுக்குள் போய் அவனை ஆட்டிவிட்டுக் கடைசியாக வந்தாள். நீங்கள் நால்வரும் அதற்குள் கலைந்து போயிருந்தீர்கள். அம்மா பீலியில் இருந்தாள், அக்கா பின்னால் அடுப்புக்கு மிலாறுக் குச்சி ஒடித்துக்கொண்டிருந்தாள். இஸ்தோப்பில் நான் மட்டும். அவள் கொடுத்தாள், நான் வாங்கி எங்கள் வீட்டுப் பெட்டிக்குள் மற்ற ஐந்தோடு வைத்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை. சீனி கிடைக்காத காலம் அது. நாமெல்லாம் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து நக்கிக்கொண்டு பிளேன்டீ குடித்தவர்கள். விருந்தாளிகளுக்கென்று அம்மா எடுத்து வைத்த ஒரு மாதச் சீனி ஒரு டின்னில் இருந்தது. அப்பா பாலுக்குக் கீழே கிராமத்துக்குப் போயிருந்தார். அம்மா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அக்கா குளிக்கப் போயிருந்தாள். நான் ஒரு கப்பையும் சாசரையும் எடுத்தேன், அடுப்பிலிருந்த தேத்தண்ணியை ஊற்றினேன், இரண்டு கரண்டி சீனி போட்டேன், பின்பக்கம் கல்லில் போய் உட்கார்ந்து துரைசாணி மாதிரிக் குடித்தேன். என் ஆயுளில் நான் குடித்த தேத்தண்ணியிலேயே ருசியானது அதுதான். அதைச் சொல்லாமல் விட்டால் இங்கேயும் நான் பொய் சொன்னவள் ஆவேன்.

கழுவும்போது கை வழுக்கியது. கல்லில் பட்டு இரண்டாகப் பிளந்தது, பிடி தனியாகத் தெறித்தது. சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. மரவள்ளிச் செடிக்கு அடியில் சிரட்டையால் குழி தோண்டினேன். துண்டுகளைப் போட்டேன். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சாசரையும் போட்டேன். சாசருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆறு சாசருக்கு ஐந்து கப் இருந்தால் மாட்டிக்கொள்வேன் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

அவர்கள் சரியாகப் பதினோரு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா அம்மா, அண்ணி, தாய்மாமன், கூடத் தரகர். தாய்மாமன்தான் முக்கியமான ஆள் என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. இஸ்தோப்பு பெஞ்சில் சுவர் ஓரமாக அவரை உட்கார வைத்தார் அப்பா. அவர் தலைக்கு மேல் கூரை ஓரத்தில் ஒரு ஆணி. ஆணியில் ஒரு தகரக் கோப்பை தொங்கியது.

அந்தக் கோப்பையையும் உங்களுக்குத் தெரியும். ஏறக்குறைய எல்லா வீட்டு ஆணியிலும் ஒன்று தொங்கியது. கான் வெட்ட வருகிறவருக்கும், கக்கூஸ் கழுவ வருகிறவருக்கும் அதில்தான் தேத்தண்ணி. அவர்களே எடுத்து, குடித்து, கழுவி, அவர்களே மாட்டிவிட்டுப் போவார்கள். சாதி என்ற சொல்லை நம் லயத்தில் யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. பாத்திரத்தால் சொன்னார்கள். விருந்தாளி வருகிறார்கள் என்று வீட்டை மெழுகி, கோலம் போட்டு, கதவுக்குத் திரைகூடக் கட்டிய அம்மாவுக்கு, அந்தக் கோப்பையைக் கழற்றி உள்ளே வைக்கத் தோன்றவில்லை. அது அவள் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பழகிப் போயிருந்தது.

அடுப்படியில் அம்மா பெட்டியைத் திறந்தாள்.

"என்னாடி இது, அஞ்சுதான் இருக்கு?"

நான் அடுப்புக்குள் மிலாற்றைத் தள்ளினேன்.

"ஒன்னத்தான் கேக்குறேன். ஆறு பேருந்தானே தூக்கிட்டு வந்தீங்க?"

"மூணாம் வீட்டுப் பிள்ள கொண்டு வரலம்மா."

"ஐயோ, நேத்தே சொல்லக்கூடாதா?" என்றாள் அம்மா. தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. போய்க் கேட்டு வாங்க நேரமில்லை. அக்கா சேலை மடிப்பைப் பிடித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். பிறகு அவளே போய்த் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, காகிதம் சுற்றியபடி இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து வந்தாள். முதன்முதலாகக் கொழுந்து எடுத்த வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்துப் பண்டாரவளையில் வாங்கியது. அதில் ஒருநாளும் யாரும் குடித்ததில்லை. எங்கள் வீட்டில் இருந்ததிலேயே உயர்ந்த பொருள் அதுதான்.

"இத தாய்மாமனுக்குக் குடு," என்றாள் அம்மா. "அவருதான் பெரிய ஆளு. மரியாதையா இருக்கும்."

அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். ஐந்து பேருக்கு நீலக் கோடு போட்ட கப். தாய்மாமனுக்கு டம்ளர்.

அவர் டம்ளரைப் பார்த்தார். மற்றவர்கள் கையைப் பார்த்தார். மெதுவாக நிமிர்ந்து தலைக்கு மேல் தொங்கிய கோப்பையைப் பார்த்தார். "வெத்தில போட்ட வாயி, பொறவு குடிக்கிறேம்மா," என்று சொல்லி டம்ளரைப் பெஞ்சுக்குக் கீழே வைத்தார். பிறகு அவர் பேசவே இல்லை. கிளம்பும்போது மாப்பிள்ளை மட்டும் வளைவில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். திரைக்குப் பின்னால் அக்கா என் தோளைப் பிடித்திருந்தாள். சந்தோஷத்தில் என் தோள் வலிக்கும்படி இறுக்கினாள்.

அன்று சாயங்காலமே அம்மா மூன்றாம் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவள் அம்மா காரணம் கேட்பதற்கு முன்பே மிலாற்றை எடுத்தார். "எங்கடி வச்ச? ஒடச்சிட்டியா?" அவள், "நான் குடுத்தேன், இவ கையிலதான் குடுத்தேன்" என்று என்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். லயமே என்னைப் பார்த்தது. நீங்களும் பார்த்தீர்கள். நான், "இல்ல, அவ வரல" என்றேன். காலில் கோடு கோடாக ரத்தம் கட்டியும் அவள் சொல்லை மாற்றவில்லை. அதனால்தான் கடைசியில் அவள் அம்மா அவளை நம்பினார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

அடுத்த ஞாயிறு தரகர் தனியாக வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஏங்க, தாய்மாமனுக்கு மட்டும் ஏன் வேற ஏனத்துல குடுத்தீங்க?"

"ஒரு கப்பு கொறஞ்சு போச்சுங்க," என்றாள் அம்மா. "வீட்ல இருந்ததுலயே நல்லதத்தான் எடுத்துக் குடுத்தோம்."

"பையனோட அம்மா வேற ஆளுங்க. அந்தக் காலத்துல விரும்பிக் கட்டுனது. அவரு அந்தம்மா கூடப் பொறந்தவரு. நீங்க எங்கயோ விசாரிச்சுட்டு, எல்லார் முன்னாலயும் காட்டிட்டீங்கன்னு நெனைக்கிறாரு."

"சாமி சத்தியமா தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தாலும்…" என்ற அம்மா அங்கேயே நிறுத்திவிட்டாள். அதற்குப் பின்னால் என்ன சொல்ல வந்தாள் என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

தரகர் நல்ல மனிதர்தான். "சரி, கப்பு கொறஞ்சது மெய்யின்னு நான் போய்ச் சொல்றேன், செட் பண்ணிரலாம்" என்று இறங்கிப் போய் அப்பு வீட்டில் கேட்டார். அத்தை, "எண்ணித்தான் குடுத்தேன், ஆறு" என்றார். மூன்றாம் வீட்டில் கேட்டார். "என் பிள்ள குடுத்துட்டா. அவ பொய் சொல்ல மாட்டா" என்றார் அந்த அம்மா. திரும்பி வந்தபோது தரகரின் முகம் மாறியிருந்தது.

"ஒங்க வீட்டுக்கு ஆறு கப்பும் வந்திருக்குங்க. நான் எத வச்சுப் போய்ப் பேசுறது? இது செட்டாகாதுங்க. விட்ருங்க."

நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். பத்து அடி நடந்தால் மரவள்ளிச் செடி. சிரட்டையால் நாலு தரம் கொத்தினால் துண்டுகள். அந்த இரண்டு துண்டையும் பிடியையும் தரகர் கையில் வைத்திருந்தால், அவர் அதைக் கொண்டுபோய்த் தாய்மாமன் முன்னால் வைத்திருப்பார். உடைந்த கப்பைவிடப் பெரிய சாட்சி எது? என் முதுகில் நாலு அடி விழுந்திருக்கும். அக்காவுக்குக் கல்யாணம் நடந்திருக்கும். எனக்கு அது தெரியாது என்று சொல்ல மாட்டேன். சாதி, தனி ஏனம் எல்லாம் அப்போது விளங்கவில்லை. ஆனால் அந்த கப்பைக் காட்டினால் அக்கா அழ மாட்டாள் என்பது விளங்கியது. அடிக்குப் பயந்துகொண்டு நின்றேன்.

அம்மா சாகும்வரை ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்த டம்ளர தரகருக்குக் குடுத்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது." ஆணியில் தொங்கிய கோப்பையைப் பற்றி அவள் ஒருநாளும் பேசவில்லை. அது அப்படியே தொங்கியது. லயத்துக்காரர்கள், பாவம், அக்காவின் கால் ராசியைப் பற்றிப் பேசினார்கள். அப்பு வீட்டு அத்தை ஐந்து கப்பையும் எடுத்துப் பெட்டியில் வைத்து ஆணி அடித்துவிட்டார். "அஞ்சு இருந்தா அது செட் இல்ல" என்றார். அதற்குப் பிறகு நாம் யார் வீட்டுக்கும் கப் தூக்கவில்லை. நாம் ஐந்து பேரும் சேர்ந்து விளையாடினோம். மூன்றாம் வீட்டுக்காரியை யாரும் கூப்பிடவில்லை. அவள் வாசற்படியில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்பாள். எத்தனை மாதம் அப்படி நின்றாள் என்று உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா?

அடுத்த வருடமும் திருவிழாவுக்கு அவர்தான் ஸ்பீக்கர் செட் போட்டார். அப்போது அவருக்கு வேறு இடத்தில் பேசி முடித்தாகிவிட்டது. அக்கா கோயிலுக்கு வரவில்லை. நான் அவளோடு வீட்டில் இருந்தேன். "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று கேட்டது. அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. நான் அவள் வாயைப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் வெட்ட ஆரம்பித்தாள்.  அப்போதும் நான் சொல்லவில்லை.

பிறகு இரண்டு முறை பெண் பார்க்க வந்தார்கள். அக்கா தட்டைத் தூக்க மாட்டேன் என்றுவிட்டாள். கொழுந்து எடுத்தாள், என்னைப் படிக்க வைத்தாள். அப்பா போன பின் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். நான் டீச்சரானதும் என்னைப் பெண் பார்க்க வந்த வருடம் அவள் திரும்பி வந்தாள். பெட்டியிலிருந்து முதலில் எடுத்தது ஒரு கப் செட். தங்க விளிம்பு போட்ட ஆறு கப், ஆறு சாசர். "எண்ணிப் பாத்துக்க. நம்ம வீட்டுக்கு இனி ஆர்கிட்டயும் எரவல் வேணாம்," என்றாள். நான் எண்ணினேன். அவள் பக்கத்தில் நின்று சரி பார்த்தாள். என் கல்யாணம் அந்த கப்பில்தான் நிச்சயமானது. இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அக்கா கடைசிவரை என்னோடுதான் இருந்தாள். போன மாதம் பதுளை ஆஸ்பத்திரியில் பார்வை நேரத்துக்குப் போனேன். பிளாஸ்க்கில் தேத்தண்ணி கொண்டுபோய் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். பல் செட்டைக் கழற்றி வைத்திருந்தாள். அந்தப் பொக்கை வாயால் சிரித்துக்கொண்டு, "எனக்கும் தனி ஏனமாடி?" என்றாள்.

நான் பிளாஸ்க்கைக் கீழே வைத்தேன். ஐம்பது வருடத்தில் அவள் அதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. ஒரு மிடறு குடித்தாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னிக்கு அந்த ஒரு கப்பு இருந்திருந்தா நானும் ரெண்டு பிள்ளப் பெத்திருப்பேன். நான் ஆரையும் கொற சொல்லல. ஆனா அந்த மூணாம் வீட்டுக்காரிய மட்டும் என்னால மன்னிக்க முடியலடி. ஒடச்சிருந்தா ஒடச்சேன்னு சொல்லியிருக்கலாம். சின்னப்பிள்ள, ஆரு என்னா செஞ்சிருக்கப் போறா? நான் போனா எல்லாருக்கும் சொல்லு. அவளுக்கு மட்டும் சொல்லாத. அவ வந்து என் மொகத்தப் பாக்க வேணாம்."

அக்காவுக்கு அப்போது முழு நினைவு இருந்தது. பார்வை நேரம் முடிய இன்னும் கால் மணி இருந்தது. பக்கத்துக் கட்டிலில் யாரும் இல்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. வாயைத் திறந்தேன். "சரிக்கா," என்றேன்.

மறுநாள் காலை அக்கா போய்விட்டாள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். தாதி என் கையில் ஒரு பையைக் கொடுத்தார். ஒரு சேலை, ஒரு சீப்பு, பிளாஸ்க் மூடி, ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் பல் செட். அக்கா இந்த உலகத்தில் கடைசியாக வைத்துவிட்டுப் போன செட் அது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அக்கா கேட்டுக்கொண்டபடி நான் நடந்துகொண்டேன். மூன்றாம் வீட்டுக்காரிக்குச் சொல்லவில்லை. அவள் வரியைப் பார்த்த அன்று மத்தியானமே லயத்துக்குப் போனேன். துண்டுகளைத் தோண்டி எடுத்துப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பலாம் என்று ஒரு நினைப்பு. எங்கள் காம்பராவில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். பின்பக்கம் முழுவதும் சீமெந்து போட்டு, தண்ணீர் டாங்கி வைத்திருக்கிறார்கள். மரவள்ளி இருந்த இடம் எது என்றுகூடச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்காரப் பெண், "யாருங்க நீங்க, ஒக்காருங்க, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஆக, என் வாயைத் தவிரச் சாட்சி எதுவும் இல்லை. அந்த வாய் எப்படிப்பட்டது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

மூன்றாம் வீட்டுக்காரியே, இனி உன்னிடம் பேசுகிறேன். உனக்கு எல்லாம் முதலிலிருந்தே தெரியும். கொடுத்தவள் நீ, வாங்கியவள் நான். தெரிந்துகொண்டே என் கல்யாணத்துக்கு வந்தாய், என் பிள்ளைக்குத் தொட்டில் சேலை கொண்டுவந்தாய். அக்கா உன்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனபோதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்த்தாயே தவிர, ஒரு சொல் சொல்லவில்லை. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தாயோ என்னவோ. ஒருநாளும் மறக்கவில்லை. அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது உன்னிடம் சொல்கிறேன். கேட்க வேண்டியவள் போய்விட்டாள். மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை, கேட்கவும் இல்லை.

மற்ற நால்வரும் கேளுங்கள். அவள் அன்று கப்பைக் கொண்டுவந்தாள். மூடுபனிக்குள், காலைப் பார்க்காமல், கப்பை மட்டும் பார்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். என் கையில் வைத்துவிட்டு, கையை உடனே எடுக்காமல், "இறுக்கிப் பிடிச்சியாடி? விடட்டா?" என்று கேட்டாள். நான் பிடித்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் விட்டாள்.